பழைய லெப்டொப்புக்கு லினக்ஸ் போட பூட் டிஸ்க் நாமளே ரைட் பண்றது எப்படி

போன மழைக்காலத்துல எங்க மேல் லயத்துல இருக்கிற ஒரு அக்கா ஒரு பழைய லெப்டொப்ப துணியில சுத்தி எடுத்துட்டு வந்தாங்க, கொழும்புல வேலை செய்ற அவங்க தம்பி, இந்த அக்காவோட மகளுக்குன்னு குடுத்து விட்டது, மக ஓ லெவல் எழுதப்போற புள்ள. ஓன் பண்ணினா பத்து நிமிஷம் சுத்திக்கிட்டே நிக்குது, அப்புறம் கறுப்பு ஸ்கிரீன். டவுன்ல ஒரு கடையில காட்டியிருக்காங்க, அங்க புதுசா வின்டோஸ் போட்டுக் குடுத்து காசும் வாங்கிட்டாங்க, ஆனா உள்ள இருந்த ஃபோட்டோ, புள்ளயோட புரொஜெக்ட் எல்லாம் சேர்த்து அழிச்சிட்டாங்க, ஒரு வார்த்தை கேக்கல. ரெண்டே மாசத்துல மறுபடியும் அதே சுத்தல். "தம்பி, இதுக்கு மேல செலவழிக்க ஏலாது, உங்களுக்கு ஏதாவது செய்ய முடியுமான்னு பாருங்க"ன்னாங்க.

வின்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட்ங்கிற இலவச சிஸ்டத்த ஒரு டிவிடியில ரைட் பண்ணி போட்டுக் குடுத்தேன், இப்ப அந்தப் புள்ள அதுலதான் படிக்குது. அதுக்கப்புறம் டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலைன்னு எங்கெங்கயோ இருந்து போன் பண்ணி இதையே கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி முடியல, அதனால முழுசா எழுதி வைக்கிறேன். லேசான வேலைதான், ரெண்டு மூணு இடத்துல மட்டும் கவனம் வேணும், அந்த இடங்கள மட்டும் நீட்டி எழுதுறேன்.

முதல்ல பூட் டிஸ்க்னா என்னன்னு வெளங்கிக்கணும், ஏன்னா நிறைய பேரு டிஸ்க்க வீணாக்குறது இந்த இடத்துலதான். கொம்பியூட்டர ஓன் பண்ணின உடனே அதுக்குள்ள இருக்கிற பயாஸ்ங்கிற சின்ன புரோகிராம்தான் முதல்ல முழிக்கும், அது ஹார்ட் டிஸ்க், டிவிடி, பென் ட்ரைவ்னு ஒவ்வொண்ணா தட்டிப் பார்த்து எதுல இருந்து தொடங்கலாம்னு தேடும். ஒரு டிஸ்க் பூட் ஆகணும்னா அதுல குறிப்பிட்ட ஒரு இடத்துல "இங்க இருந்து தொடங்கு"ன்னு ஒரு பதிவு இருக்கணும். சீடியில அந்தப் பதிவ எப்படி எழுதணும்னு 1995லயே ஃபீனிக்ஸ் கம்பெனியும் ஐபிஎம்மும் சேர்ந்து ஒரு முறை எழுதி வச்சாங்க, எல் டொரிட்டோன்னு அதுக்குப் பேரு, இன்னைக்கும் டிவிடி பூட் ஆகுறது அந்த முறையிலதான். நாம டவுன்லோட் பண்ற ஐஎஸ்ஓ ஃபைலுக்குள்ள முழு டிஸ்க்கும் அந்தப் பதிவோட சேர்த்து அப்படியே அச்செடுத்த மாதிரி இருக்கும். அந்த ஐஎஸ்ஓவ சாதாரண பாட்டு கொப்பி பண்ற மாதிரி டிஸ்க்குல இழுத்துப் போட்டா என்ன ஆகும்? டிஸ்க்குக்குள்ள ஒரு பெரிய ஃபைல் கிடக்கும், அவ்வளவுதான், பயாஸ் வந்து தேடுற இடத்துல ஒண்ணும் இருக்காது. கொப்பி பண்றது வேற, இமேஜா ரைட் பண்றது வேற. நான் முதல் தடவை செய்தப்ப இது தெரியாம ரெண்டு டிஸ்க் போச்சு, அந்த நேரத்துல யாராவது இந்த ஒரு வரிய சொல்லியிருந்தா போதும், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

சரி எதப் போடுறது. வின்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஓட வழக்கமான சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க. வின்டோஸ் 11 கேக்குறது 4 ஜிபி ரெம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்பு சிப், இன்டெல் புரொசெசர்னா எட்டாம் ஜெனரேஷன் தொட்டு மேல. நம்ம கைக்கு வர்ற லெப்டொப்ல முக்காவாசி மூணாவது, நாலாவது ஜெனரேஷன்தான், அதுல முறையா ஏறாது. குறுக்கு வழியில ஏத்தலாம், ஆனா அந்த மெஷின்ல அது ஓடாது, ஊரும். அப்புறம் டவுன்ல கவர்ல போட்டு விக்கிற வின்டோஸ் டிஸ்க் இருக்கே, எக்டிவேட் பண்றதுக்குன்னு உள்ள ஒரு புரோகிராம் வச்சிருப்பாங்க, அதுல என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது, ஒன்லைன்ல பேங்க் பாக்குற வீட்டுல அத தயவுசெய்து போடாதீங்க.

நான் போடச் சொல்றது லினக்ஸ் மின்ட், அதுலயும் எக்ஸ்எஃப்சிஈன்னு ஒரு எடிஷன் இருக்கு, பாரம் குறைஞ்சது. 2 ஜிபி ரெம் இருந்தாலே ஏறும், 4 இருந்தா நிம்மதியா ஓடும், ஹார்ட் டிஸ்க்குல 20 ஜிபி இருந்தா போதும், 100 இருந்தா தாராளம். 22ஆம் வெர்ஷனுக்கு 2029 வரைக்கும் அப்டேட் வரும். காசு இல்ல, யாருக்கு வேணும்னாலும் கொப்பி எடுத்துக் குடுக்கலாம், அது களவு இல்ல, அவங்களே அனுமதிச்சதுதான். எழுதுறதுக்கு லிப்ரே ஓஃபிஸ், நெட் பாக்க ஃபயர்ஃபொக்ஸ் எல்லாம் டிஸ்க்குலயே வருது, நெட்டே இல்லாம இன்ஸ்டோல் பண்ணலாம், நம்ம பக்கத்துக்கு இதுதான் பெரிய விஷயம். ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க, மெஷினோட புரொசெசர் 64 பிட்ங்கிற வகையா இருக்கணும். 2010க்குப் பிறகு வந்த லெப்டொப் அநேகமா எல்லாமே 64 பிட்தான், அதுக்கு முந்தின சின்ன நெட்புக் சிலது 32 பிட், அதுல இது ஏறாது.

இப்ப டவுன்லோட். ஐஎஸ்ஓ ஏறக்குறைய 3 ஜிபி வரும். எங்க லயத்துல வீட்டுக்குள்ள சிக்னல் ஒரு கோடு, ரோட்டுக்கு மேல மாரியம்மன் கோயில் படிக்கட்டுல மூணு கோடு, மிஸ்ட் இறங்கிட்டா அதுவும் ஆடும், இந்த நிலைமையில பிரவுசர்ல டவுன்லோட் போட்டா 2.6 ஜிபி வந்ததுக்கு அப்புறம் அறுந்துபோய் மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கும், டேட்டாவும் போகும் மனசும் ஒடையும். அதனால டொரென்ட்ல எடுங்க. டொரென்ட்னா களவாப் படம் எடுக்கிறதுன்னு நினைக்காதீங்க, மின்ட்டோட சொந்த சைட்லயே டொரென்ட் லிங்க் குடுத்திருக்காங்க. அது ஃபைல சின்னச் சின்னத் துண்டா இறக்கும், ஒவ்வொரு துண்டும் சரியா வந்துச்சான்னு அதுவே செக் பண்ணும், கெட்டுப்போன துண்ட மட்டும் திரும்ப எடுக்கும், சிக்னல் போனா நின்ன இடத்துல நிக்கும், வந்தா அங்க இருந்தே தொடரும், கரண்ட் போனாலும் அதே கதைதான். லெப்டொப்னா கியூபிட்டொரென்ட், அன்ட்ராய்ட் போன்னா லிப்ரே டொரென்ட், ரெண்டும் இலவசம். நைட் டேட்டா இருக்கிற பேக்கேஜ் போட்டுட்டு படுக்கிறதுக்கு முந்தி போன ஜன்னல் ஓரத்துல வச்சிட்டா ரெண்டு ராத்திரியில வந்துரும். இறங்கி முடிஞ்சதும் டொரென்ட நிப்பாட்டிருங்க, இல்லாட்டி அது மத்தவங்களுக்கு அனுப்பிக்கிட்டே இருந்து உங்க டேட்டாவ தின்னுரும். டவுன்ல வைஃபை இருக்கிற சொந்தக்காரங்க யாராவது இருந்தா அங்க போய் எடுக்கிறது இன்னும் நல்லம்.

யாரோ ஒருத்தர்கிட்ட இருந்து பென் ட்ரைவ்ல ஐஎஸ்ஓ வாங்கினீங்கன்னா, இல்ல டொரென்ட் இல்லாம நேரா இறக்கினீங்கன்னா, ரைட் பண்ண முந்தி அது முழுசா இருக்கான்னு பாக்கணும். இதுக்கு ரூஃபஸ்னு ஒரு சின்ன புரோகிராம் எடுத்துக்கங்க, வின்டோஸ் 8க்கு மேல ஓடும், வின்டோஸ் 7னா 3.22ங்கிற பழைய வெர்ஷன். ஒரு பென் ட்ரைவ குத்திட்டு ரூஃபஸ்ல ஐஎஸ்ஓவ செலக்ட் பண்ணுங்க, பக்கத்துல சரி அடையாளம் போட்ட ஒரு சின்ன பட்டன் வரும், அத அமுக்கினா கொஞ்ச நேரத்துல எழுத்தும் நம்பரும் கலந்து மூணு நாலு வரி காட்டும், அதுல எஸ்எச்ஏ 256ன்னு இருக்கிற வரியில 64 எழுத்து இருக்கும். மின்ட் சைட்லயும் அதே 64 எழுத்து போட்டிருப்பாங்க. ஒரு எழுத்து மாறினாலும் ஃபைல் சரியில்ல, ரைட் பண்ணாதீங்க. முதல் எட்டு எழுத்தையும் கடைசி எட்டு எழுத்தையும் பாத்தா ஃபைல் அரைகுறையா இறங்கியிருக்கிறது பிடிபட்டுரும், ஆனா நான் புள்ளைய பக்கத்துல உக்கார வச்சு முழுசா வாசிக்கச் சொல்லித்தான் பாப்பேன், ரெண்டு நிமிஷ வேலைதானே.

டிஸ்க் ஏன், பென் ட்ரைவ் போதாதான்னு கேப்பீங்க. பென் வேகமாத்தான் இருக்கும், அதையும் கீழ சொல்றேன். ஆனா எங்க பக்கத்துல ஒரு பென் ட்ரைவ் எத்தனை கொமினிகேஷன் கடைக்குப் போய் வருது, பிரின்ட் எடுக்க ஒரு கடை, ஃபோட்டோ கழுவ ஒரு கடை, ஒவ்வொரு இடத்துலயும் வைரஸ் ஒண்ண ஒட்டிக்கிட்டு வரும், ஃபைல் எல்லாம் ஷோர்ட்கட்டா மாறி நிக்கிறத எல்லாருமே பாத்திருப்பீங்க. டிவிடி ஆர்ல ஒரு தடவை ரைட் பண்ணி மூடிட்டா அதுல யாராலயும் எதையும் எழுத ஏலாது. பத்து வீட்டுக்குக் கை மாறினாலும் உள்ள இருக்கிறது அப்படியே இருக்கும். அதோட பழைய லெப்டொப் சிலதுக்கு பென்ல இருந்து பூட் பண்றது சரியா வராது, டிவிடின்னா பேசாம ஏத்துக்கும். அதனால நான் ரெண்டும் வச்சிருக்கேன், வெளிய குடுக்கிறது டிஸ்க் மட்டும்.

சீடி எடுத்துராதீங்க, அதுல 700 எம்பிதான் போகும். டிவிடியில 4.7 ஜிபின்னு போட்டிருக்கும், கொம்பியூட்டர் காட்டுறது 4.37 மாதிரி வரும், ரெண்டும் ஒண்ணுதான், எண்ற முறை வேற. மின்ட் அதுல தாராளமா அடங்கும். வின்டோஸ் 11ட ஐஎஸ்ஓ 5 ஜிபிக்கு மேல, சாதாரண டிவிடியில அடங்காது, அதுக்கு பென்தான். டிஸ்க்குல பிளஸ் ஆர், மைனஸ் ஆர்னு ரெண்டு விதம், எதுவும் சரி, ஆர்டபிள்யூன்னு இருக்கிறது திரும்ப அழிச்சு எழுதுறது, பழைய ட்ரைவ் சிலது அத வாசிக்க கஷ்டப்படும், அதனால வேணாம்.

எங்க ஊரு ஈரத்த பத்தி ஒரு வார்த்தை. கீழ் நாட்டுல இருக்கிறவங்களுக்கு இது வெளங்காது. மே மாசம் மழை பிடிச்சா செப்டம்பர் வரைக்கும் துணி காயாது, சுவத்துல பூஞ்சணம், சப்பாத்துல பூஞ்சணம், அதே பூஞ்சணம் டிஸ்க்குலயும் பிடிக்கும். வெளிச்சத்துக்கு நேர சாய்ச்சுப் பிடிச்சா சிலந்தி வலை மாதிரி மெல்லிசா வெள்ளைக் கோடு ஓடும், கடையில புதுசுன்னு குடுக்கிற டிஸ்க்லயும் நான் பாத்திருக்கேன், பொட்டலத்துல அடியில இருந்தது. வாங்குறப்பவே சாய்ச்சுப் பாத்து வாங்குங்க. இன்னொண்ணு, ராத்திரி குளிர்ல கிடந்த லெப்டொப்ப தூக்கிட்டு வந்து அடுப்பு எரியிற குசினியில வச்சு உடனே ரைட் பண்ணினீங்கன்னா ட்ரைவுக்குள்ள இருக்கிற லென்ஸ்ல ஆவி படிஞ்சிருக்கும், கண்ணாடி போட்டவங்க டீ குடிக்கிறப்ப ஆகுதே அதேதான், பாதியில எரர் காட்டி டிஸ்க் வீணாகும். அரை மணித்தியாலம் வீட்டுச் சூட்டுல சும்மா வச்சிட்டு ஆரம்பிங்க.

ரைட் பண்றது. டிவிடி ரைட்டர் இருக்கிற ஏதாவது ஒரு மெஷின் வேணும், உங்களுதுல இல்லாட்டி யூஎஸ்பியில குத்துற ரைட்டர் கூட்டாளிமார்கிட்ட இரவல் வாங்கலாம். வின்டோஸ் 7ல இருந்தே இதுக்குத் தனி புரோகிராம் தேவையில்ல. வெத்து டிஸ்க்க போடுங்க, ஐஎஸ்ஓ மேல ரைட் கிளிக் பண்ணுங்க, பர்ன் டிஸ்க் இமேஜ்னு வரும், வின்டோஸ் 11னா ஷோ மோர் ஒப்ஷன்ஸ அமுக்கினப்புறம்தான் காட்டும். செவன் ஸிப், வின்ரார் மாதிரி ஏதாவது போட்டிருந்தா அந்த ஒப்ஷன் மறைஞ்சு போயிருக்கும், அப்ப ஃபைலோட புரொப்பர்ட்டீஸ்ல போய் ஓப்பன்ஸ் வித்ங்கிறத வின்டோஸ் எக்ஸ்புளோரருக்கு மாத்துங்க, திரும்ப வந்துரும். அமுக்கினா ஒரு சின்னப் பெட்டி வரும், அதுல வெரிஃபை டிஸ்க் ஆஃப்டர் பர்னிங்னு ஒரு கட்டம் இருக்கும், அத கட்டாயம் டிக் பண்ணுங்க. எழுதினத அதுவே திரும்ப வாசிச்சுப் பாக்கும், நேரம் ரெட்டிப்பாகும், பரவாயில்ல. லினக்ஸ் இருக்கிற மெஷின்ல இருந்து எழுதுறீங்கன்னா பிரசேரோ, எக்ஸ்எஃப்பர்ன் ரெண்டுல ஒண்ணு, அதுலயும் பர்ன் இமேஜ்ங்கிறததான் எடுக்கணும்.

வேகம் கேட்டா 4 இல்ல 8 வைங்க, 16ல ஓட்டாதீங்க, மலிவு டிஸ்க் அந்த வேகத்துக்குத் தாங்காது, பழைய ட்ரைவ் வாசிக்கவும் மாட்டேங்கும். 4ல எழுதினா நிமிஷத்துக்கு 330 எம்பி மாதிரி போகும், 3 ஜிபிக்கு ஒம்போது பத்து நிமிஷம், வெரிஃபை வேற, மொத்தம் இருபது நிமிஷம் வைங்க. அந்த இருபது நிமிஷம் லெப்டொப்ப தொடாதீங்க, பாட்டு போடாதீங்க, மேசைய ஆட்டாதீங்க. முடிஞ்சதும் டிஸ்க்க எடுத்து திரும்பப் போட்டு திறந்து பாருங்க. உள்ள காஸ்பர், பூட், ஐசோலினக்ஸ்னு ஃபோல்டர் ஃபோல்டரா தெரிஞ்சா சரியா எழுதியிருக்கு. ஒரே ஒரு ஐஎஸ்ஓ ஃபைல் மட்டும் தனியா கிடந்தா மேல சொன்ன அதே பிழை, அது பூட் ஆகாது.

பென்ல செய்றவங்களுக்கு சுருக்கமா. 4 ஜிபிக்கு குறையாத பென், உள்ள இருக்கிறது எல்லாம் அழியும், முதல்ல வேற இடத்துல எடுத்து வைங்க. ரூஃபஸ்ல பென்ன செலக்ட் பண்ணி, ஐஎஸ்ஓவ செலக்ட் பண்ணி, பார்ட்டிஷன் ஸ்கீம்ங்கிற இடத்துல பழைய மெஷினுக்கு எம்பிஆர் வைங்க, 2013க்கு பிறகு வந்ததுல அநேகமா ஜிபிடி சரிவரும், சந்தேகம்னா எம்பிஆரே இருக்கட்டும். ஸ்டார்ட் அமுக்கினா ஐஎஸ்ஓ மோடா டிடி மோடான்னு கேக்கும், ஐஎஸ்ஓ மோட எடுங்க, பூட் ஆகாட்டி மட்டும் திரும்ப வந்து டிடியில எழுதிப் பாருங்க. வீட்டுல வேற கொம்பியூட்டரே இல்ல, இருக்கிற ஒண்ணும் படுத்திருச்சு, போன் மட்டும்தான்னு இருக்கிறவங்களுக்கும் வழி இருக்கு, எட்ச்ட்ராய்ட்னு அன்ட்ராய்ட் எப் ஒண்ணு, ஓடிஜி கேபிள்ல பென்ன போன்ல குத்தி ஐஎஸ்ஓவ நேரா எழுதிரலாம், லினக்ஸ் ஐஎஸ்ஓவுக்குத்தான் சரிவரும், வின்டோஸுக்கு வராது. போன்ல சார்ஜ் நிறைய இருக்கணும், எழுதுறப்ப கேபிள் ஆடக்கூடாது.

டிஸ்க் ரெடி. ஆனா லெப்டொப்புல போட முந்தி உள்ள இருக்கிறத வெளிய எடுக்கணும், அந்த அக்காவுக்கு நடந்தது வேற யாருக்கும் நடக்கக்கூடாது. வின்டோஸ் கொஞ்சமாவது திறக்குதுன்னா டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் நாலையும் பென்ல கொப்பி எடுங்க. திறக்கவே இல்லையா, பயப்படாதீங்க, இந்த டிஸ்க்க போட்டு பூட் பண்ணினா இன்ஸ்டோல் பண்ணாமலே மின்ட் ஓடும், அதுல இருந்து ஹார்ட் டிஸ்க்க திறந்து ஃபைல எடுக்கலாம், நான் நிறைய பேருக்கு ஃபோட்டோ காப்பாத்தினது இப்படித்தான். இதோட கட்டாயம் ஒண்ணு, வின்டோஸுக்குள்ள ஃபோன்ட்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல பாமினிங்கிற தமிழ் ஃபோன்ட தேடி அந்த ஃபைலயும் எடுத்து வைங்க. நம்ம நாட்டுல டீச்சர்மார் அனுப்புற நோட்ஸ், மாகாண பரீட்சை பேப்பர் எவ்வளவோ இன்னும் பாமினியிலதான் அடிச்சு வருது, அந்த ஃபோன்ட் இல்லாட்டி திறந்தா தமிழே இருக்காது, இங்கிலிஷ் எழுத்து கன்னாபின்னான்னு நிக்கும், புள்ள ஃபைல் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு அழும். மின்ட் போட்டப்புறம் அந்த ஃபைல டபுள் கிளிக் பண்ணி இன்ஸ்டோல் குடுத்தா எல்லாம் தமிழா மாறிரும்.

இப்ப பூட். டிஸ்க்க போட்டுட்டு வின்டோஸ்ல ஷட் டவுன் குடுக்காம ரீஸ்டார்ட் குடுங்க, வின்டோஸ் 8க்குப் பிறகு ஷட் டவுன் முழுசா அணையிறதில்ல, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு பாதித் தூக்கத்துல இருக்கும், ஹார்ட் டிஸ்க்கையும் பூட்டி வச்சிருக்கும். ஓன் ஆகுறப்ப கம்பெனி பேரு ஸ்கிரீன்ல தெரியிற நேரத்துல பூட் மெனு கீய தட்டித் தட்டி அமுக்கணும், அமுக்கிப் பிடிச்சிட்டு இருக்கக்கூடாது. டெல்லுக்கும் தொஷிபாவுக்கும் எஃப் 12, எச்பிக்கு எஸ்கேப் இல்ல எஃப் 9, அசூஸுக்கு எஸ்கேப், லெனோவோவுக்கு எஃப் 12, சிலதுல சார்ஜர் குத்துற பக்கத்துல ஊசியால அமுக்குற மாதிரி ஒரு சின்ன ஓட்டை இருக்கும், லெப்டொப் அணைஞ்சிருக்கிறப்ப அத அமுக்கினா மெனு வரும். ஏசருக்கும் எஃப் 12தான், ஆனா முதல்ல எஃப் 2ல பயாஸுக்குள்ள போய் எஃப் 12 பூட் மெனுங்கிறத எனேபிள் பண்ணினாத்தான் வேலை செய்யும், இது தெரியாம ஒரு முழுப் பின்னேரமும் தட்டிக்கிட்டு இருந்தவங்கள எனக்குத் தெரியும். மெனுவுல டிவிடியோட பேர எடுத்து என்டர். செக்கியூர் பூட்னு ஏதாவது சொல்லி மறிச்சா பயாஸ்ல அத டிஸேபிள் பண்ணலாம், ஆனா பிட்லொக்கர்னு ஹார்ட் டிஸ்க்க பூட்டி வைக்கிற வின்டோஸ் வசதி போட்ட மெஷின்னா முதல்ல ரிக்கவரி கீய எழுதி வச்சுக்கங்க.

டிவிடியில பூட் ஆக நாலஞ்சு நிமிஷம் எடுக்கும், ட்ரைவ் விட்டு விட்டு கறகறன்னு சத்தம் போடும், ஸ்கிரீன் கறுப்பா நிக்கும், பொறுமையா இருங்க. பத்து நிமிஷம் தாண்டியும் கறுப்புன்னா திரும்ப பூட் பண்ணி கொம்பேட்டிபிலிட்டி மோட்ங்கிற ரெண்டாவது வரிய எடுங்க.

டெஸ்க்டொப் வந்துருச்சா, இப்ப எல்லாரும் செய்ற பிழை உடனே இன்ஸ்டோல அமுக்குறது. செய்யாதீங்க. இந்த நிலைமையில ஹார்ட் டிஸ்க்குல ஒரு எழுத்துகூட மாறல, டிஸ்க்க எடுத்துட்டா பழைய வின்டோஸ் அப்படியே இருக்கும், அதனால ஆறுதலா எல்லாத்தையும் சோதிச்சுப் பாருங்க. வைஃபை பட்டியல் காட்டுதா, சத்தம் வருதா, கேமரா, டச்பேட், ஸ்கிரீன் வெளிச்சம் கூட்டிக் குறைக்க ஏலுமா, போன ஹொட்ஸ்பொட்ல போட்டு ஒரு தமிழ் பக்கம் திறந்து எழுத்து சரியா தெரியுதா. வைஃபை வராட்டி போன யூஎஸ்பி கேபிள்ல குத்தி யூஎஸ்பி டெதரிங் ஓன் பண்ணுங்க, அது எந்த ட்ரைவரும் இல்லாம வேலை செய்யும், பிறகு ட்ரைவர் மெனேஜர்னு ஒண்ணு இருக்கு அதுல வைஃபைய சரி பண்ணிக்கலாம். இதுல திருப்தி இல்லாட்டி விட்டுருங்க, நட்டம் ஒரு டிஸ்க் காசு.

திருப்தின்னா டெஸ்க்டொப்ல இன்ஸ்டோல் லினக்ஸ் மின்ட்னு ஐக்கன் இருக்கும். சார்ஜர் குத்தியிருக்கணும், பெட்டரியும் நிறைஞ்சிருக்கணும், பெட்டரி செத்த லெப்டொப்னா கரண்ட் போகாத நேரமா பாத்து செய்யுங்க, ஏப்ரல்லயும் ஒக்டோபர் நவம்பர்லயும் பின்னேரத்துல இடி மின்னல் வரும், அந்த நேரம் வேணவே வேணாம், காலையில பெரட்டுக்குப் போற நேரத்துலயே ஆரம்பிச்சிருங்க. பாஷை கேக்கும், தமிழும் இருக்கு. நான் இங்கிலிஷ எடுக்கச் சொல்றேன், ஏன்னா ஏதாவது எரர் வந்து தேடினா இங்கிலிஷ்லதான் பதில் கிடைக்கும், பிறகு எப்ப வேணும்னாலும் தமிழுக்கு மாத்தலாம். மல்ட்டிமீடியா கோடெக்ஸ்னு வர்ற கட்டத்த நெட் இருந்தா டிக் பண்ணுங்க, பாட்டு வீடியோவுக்கு வேணும்.

அடுத்து வர்ற பக்கத்துலதான் கை நிக்கணும். இன்ஸ்டோல் அலோங்சைட்னா வின்டோஸும் இருக்கும் மின்ட்டும் இருக்கும், ஓன் பண்றப்ப எதுன்னு கேக்கும். இரேஸ் டிஸ்க்னா எல்லாம் போயிரும், ஃபோட்டோ, ஃபைல், வின்டோஸ் ஒண்ணும் மிஞ்சாது. கொப்பி எடுத்த பென்ன வேற ஒரு மெஷின்லயோ டீவியிலயோ குத்தி ஃபோட்டோ திறக்குதான்னு கண்ணால பாத்துட்டு வந்துதான் இரேஸ அமுக்கணும், "எடுத்துட்டேன்னு நினைக்கிறேன்" போதாது. மத்தவங்க லெப்டொப்னா அவங்களையே பக்கத்துல வச்சுக்கிட்டு, அவங்க கையாலயே அமுக்கச் சொல்லுங்க. ஹார்ட் டிஸ்க்கே காட்டலைன்னா பயாஸ்ல சாட்டா மோட் ரெய்டுன்னோ ஆர்எஸ்டின்னோ இருக்கும், அத ஏஎச்சிஐக்கு மாத்தினா தெரியும், ஆனா வின்டோஸையும் வச்சுக்கப் போறீங்கன்னா அத தொடாதீங்க, வின்டோஸ் திறக்காமப் போயிரும்.

நேரம் சரியா வர மேப்புல கொழும்ப அமுக்குங்க, பேரு பாஸ்வேர்ட் போடுங்க, பாஸ்வேர்ட கொப்பி அட்டையில எழுதி வைங்க. டிவிடியில அரை மணித்தியாலத்துல இருந்து முக்கால் மணித்தியாலம் எடுக்கும், முடிஞ்சதும் டிஸ்க்க எடுத்துட்டு என்டர் அமுக்கச் சொல்லும்.

ஓன் ஆகி வந்ததும் முதல் வேலை பாமினி. ரெண்டாவது கீபோர்ட் செட்டிங்ஸ்ல போய் தமிழ் சேர்க்கிறது, தமிழ் நெட் 99 இருக்கு, ஸ்ரீலங்கான்னே தனியாப் போட்டிருக்கும். மூணாவது அப்டேட், டேட்டாவ பாத்துச் செய்யுங்க, முதல் அப்டேட் பெருசா வரும், நைட் டேட்டாவுல விட்டுருங்க. கல்வி அமைச்சோட இ தக்சலாவ சைட்ல தமிழ் மீடியம் புத்தகமும் பழைய பேப்பரும் இருக்கு, அத புக்மார்க் பண்ணிக் குடுங்க, புள்ளைங்க லெப்டொப்னா இது முக்கியம். இன்னும் வேகம் வேணும்னா காசு சேர்ந்தப்ப பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா 120 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு போடுங்க, ரெம் கூட்டுறத விட அதுலதான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

டிஸ்க் மேல மார்க்கர் பேனையால வெர்ஷனும் ரைட் பண்ணின மாசமும் எழுதுங்க, போல்பொயின்ட் வேணாம், அழுத்தினா டிஸ்க்குக்கு சேதம் வரலாம், டிவிடியில நடுவுல இருக்கிற வளையத்துல எழுதினா இன்னும் பாதுகாப்பு. பேப்பர் கவர்ல போட்டு, இறுக்கமா மூடுற பிஸ்கட் டின்ல, சப்பாத்து பெட்டியில வர்ற அந்த வெள்ளைக் குருணைப் பொட்டலம் ரெண்டோட வைங்க, தேயிலைத்தூள எப்படி ஈரம் படாம வைப்போமோ அதே மாதிரி. என்னோட முதல் டிஸ்க் இப்ப பொகவந்தலாவைப் பக்கம் யார் வீட்டுலயோ இருக்கு, ரெண்டாவது அந்த அக்கா வீட்டு டின்ல இருக்கு, கீழ் லயத்துல யாருக்காவது வேணும்னா அந்தப் புள்ளதான் எடுத்துட்டுப் போய் போட்டுக் குடுக்குது.